பைபாஸ் செய்தவர்கள் இரத்த ரிப்போர்ட்டை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பிலோ கண்டியிலோ பைபாஸ் செய்துகொண்டு திருகோணமலைக்குத் திரும்பியவர்கள் பலர் இப்போது எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட்டைத் தாங்களே பிரித்துப் பார்க்கிறார்கள். நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரண்டு வெள்ளை அணுக்களில் முதலாவதை இரண்டாவதால் வகுத்து, விடை கூடிவிட்டால் இதயத்தில் ஒட்டிய நாளம் அடைபடப் போகிறது என்று பதறுகிறார்கள்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இந்த விகிதம் கூடியவர்களிடம், காலிலிருந்து எடுத்து ஒட்டிய நாளம் அடைபடுவதும் கூடுதலாக இருந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அது பலரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கு. நியூட்ரோபில் 72, லிம்போசைட் 18 என்றால் விகிதம் 4. வீசிங்குக்குப் பிரெட்னிசொலோன் குளிசை போட்டிருந்தாலும் அந்த 4 வரும். காலில் தையல் போட்ட இடம் சீழ் பிடித்தாலும் வரும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யும் அப்படித்தான். சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் அது எல்லோருக்கும் ஏறும்.

பிளேட்லெட் குறைந்தால் இரத்தம் உறையாது, ஒட்டுக்கு நல்லதுதானே என்று கேட்பவர்களும் உண்டு. 2017இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டைப் பார்த்த ஊரில் இப்படிக் கேட்கலாமா? காய்ச்சலோடு பிளேட்லெட் இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பைபாஸ் செய்தவர், அஸ்பிரின் எடுப்பவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். டெங்குவில் அஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். நீங்களாக நிறுத்தினால் ஒட்டில் இரத்தம் உறையலாம். அதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) வரியில்தான் நடக்கிறது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் ‘நோர்மல்’ அளவு பொதுவானவர்களுக்கு. அதை நம்பி 110ஐப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. பைபாஸ் செய்தவருக்கு 70க்குக் கீழே வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டல் 55க்கும் கீழே கேட்கிறது. முதல் மாதத்தில் நாளத்தை அடைப்பது பெரும்பாலும் இரத்தக்கட்டி. ஓராண்டுக்குப் பிறகு கொழுப்புப் படிவு. சரி, எல்.டி.எல். இறங்கிவிட்டதே என்று ஸ்டாட்டின் குளிசையை நிறுத்துகிறார்கள். இறக்கியதே அந்தக் குளிசைதான்!

ஒட்டு திறந்திருக்கிறதா என்பதைக் காட்டுவது அஞ்சியோகிராம் அல்லது சி.டி. ஸ்கேன். ரிப்போர்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கோணேசர் கோயில் ஏற்றத்தில் நெஞ்சு இறுகினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு நோ வந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.