மெர்சென் எண் பகா எண்தானா? லூகாஸ்–லெமர் சோதனையைப் போட்டுப் பார்க்கும் முறை

2^136279841 − 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அது பகா எண் என்று 2024 அக்டோபரில் உறுதியானது. இவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியே இல்லை. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுக்கு, அதாவது மெர்சென் எண்களுக்கு மட்டும், லூகாஸ்–லெமர் சோதனை என்ற ஒரு குறுக்குவழி உண்டு. அதைத் தாளில் 127-க்குப் போட்டுப் பழகிவிட்டு நிரலுக்குப் போவது நல்லது.

முதலில் அடுக்கை, அதாவது 2-இன் மேல் எழுதும் எண்ணைப் பாருங்கள். அது பகு எண் என்றால் வேலை அங்கேயே முடிந்தது: 2^15 − 1-ஐ 7, 31 இரண்டுமே வகுக்கும். அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது; 2^11 − 1 = 2047 = 23 × 89.

அடுத்து, சிறு காரணி ஏதும் சிக்குகிறதா என்று தேடுங்கள். அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண் என்றால், காரணியாக வரும் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் அடுக்கின் இருமடங்கால் மீதியின்றி வகுபடும். அதே காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. மற்ற எண்களைத் தொடவே வேண்டாம். 2^67 − 1-இன் சிறிய காரணியான 193707721-ஐ எடுத்துக்கொண்டால், அது 134 × 1445580 + 1.

காரணி கிடைக்கவில்லையா? இப்போது சோதனை. 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2-ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசி மீதி 0 என்றால் பகா எண். 127 = 2^7 − 1 என்பதால் ஐந்து தடவை: 4 → 14 → 67 → 42 → 111 → 0.

வகுத்தலைக்கூடத் தவிர்க்கலாம், இந்தச் சோதனையின் வேகமே அதில்தான் இருக்கிறது. 67-இன் வர்க்கத்தில் 2 போக 4487. 128, அதாவது 2^7, 127-ஐவிட ஒன்றுதான் அதிகம்; அதனால் 4487-ஐ 35 × 128 + 7 என்று பிரியுங்கள். 35-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 42, அதுவே மீதி. இரும வடிவில் இது மேல் பிட்டுகளை வெட்டிக் கீழ்ப் பிட்டுகளோடு கூட்டுவதுதான்.

பலர் சறுக்குவதும் இங்கேதான். கடைசிப் படியில் 12319 = 96 × 128 + 31; கூட்டினால் 127 வரும், 0 வராது. 127-ஐ 0 என்று மாற்றும் வரி நிரலில் இல்லாவிட்டால் பகா எண்ணையே பகு எண் என்று அறிவித்துவிடும். மீதி 0 அல்லது 1 ஆக இருக்கும்போது 2-ஐக் கழித்தால் குறை எண் வரும். மெர்சென் எண்ணைக் கூட்டிச் சரிசெய்யுங்கள். அடுக்கு 2 என்றால் இந்தச் சோதனையே செல்லாது, 3-ஐத் தனியாகக் கையாளுங்கள்.

பெரிய அடுக்குகளில் வர்க்கம் எடுக்க, பெரிய எண்களை வேகமாகப் பெருக்க உதவும் ஃபூரியே உருமாற்றம் வேண்டும். அதில் விடை தசமமாக வரும், அதை அருகிலுள்ள முழு எண்ணாக மாற்ற வேண்டும்; தசமப் பிழை 0.5-ஐ நெருங்கினால் தவறான முழு எண்ணுக்குப் போய்விடும். அந்த ஒரு பிழை அடுத்த படிகள் எல்லாவற்றையும் கெடுக்கும். 0 வராவிட்டால் பகு எண் என்பது மட்டும்தான் தெரியும், காரணி தெரியாது. 2^67 − 1 பகு எண் என்று 1876-லேயே பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் காட்டிவிட்டார். காரணிகளை 1903-இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் வெளியிட்டார். 0 வந்தால், வேறு கணினியில் வேறு நிரலை ஓட்டி இன்னொரு முறை பாருங்கள்.