தண்ணிக்குள்ள போற மெட்டல் டிடெக்டர் மக்கர் பண்ணா எங்கேருந்து பாக்கறது

கடல்ல இறங்கினதும் டிடெக்டர் கண்டபடி கத்துதுன்னா உடனே ஸ்க்ரூடிரைவரத் தேடாதீங்க, நிறைய நேரம் மெஷின் நல்லாத்தான் இருக்கும். உப்புத்தண்ணி கரண்ட் கடத்தும், அதனால ஒரே ஃப்ரீக்வென்சில ஓடுற விஎல்எஃப் (ரொம்பக் குறைஞ்ச ஃப்ரீக்வென்சி) மெஷினுக்கு அலை வந்து போற ஈர மணல்ல நின்னாலே சிக்னல் வந்துட்டே இருக்கும். சென்சிடிவிட்டியக் குறைங்க, பீச் மோடு இருந்தா போடுங்க, கிரவுண்ட் பேலன்ஸ, அதாவது மண்ணோட சிக்னல மெஷின் கண்டுக்காம இருக்க வைக்கிற செட்டிங்க, அந்த ஈர மணல்லயே வச்சு திரும்பப் பண்ணுங்க. பல்ஸ் இண்டக்‌ஷனோ மல்டி ஃப்ரீக்வென்சியோ, அதாவது கரண்ட விட்டு விட்டு துடிப்பா அனுப்பற வகையோ ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சி போடுற வகையோ, இப்படிக் கத்துச்சுன்னாதான் சந்தேகப்படணும், அப்பவும் முதல்ல காயிலுக்கு (தரையத் தடவுற வட்டத் தட்டுக்கு) அடில மாட்டியிருக்கிற கவரக் கழட்டிப் பாருங்க, நடுவுல கருமணலும் உப்புத்தண்ணியும் சேர்ந்து கெடக்கும். நல்ல தண்ணில அலசி மாட்டினா பல பேருக்கு பிரச்சனை அதோட முடிஞ்சிரும்.

முடியலையா, அடுத்தது கேபிள். ராடுல லூசா சுத்தியிருந்தா ஆடுறப்பல்லாம் பொய் சிக்னல் வரும், வெல்க்ரோ போட்டு இறுக்குங்க. அப்புறம் பக்கத்துல உலோகம் எதுவும் இல்லாத இடத்துல காயில அசையாம வச்சுட்டு, கேபிள் காயிலுக்குள்ள நுழையிற எடத்தையும் டிஸ்ப்ளேயும் பேட்டரியும் இருக்கிற பாக்ஸுக்குள்ள போற எடத்தையும் விரலால லேசா மடக்கி மடக்கிப் பாருங்க, கர்ர்னு சத்தமோ த்ரெஷோல்டு (பின்னாடி எப்பவும் கேக்கற மெல்லிசு ஹம் சத்தம்) சட்டுனு கட்டாகறதோ இருந்தா உள்ள ஒயர் அறுந்துட்டிருக்கு. வெட்டி சால்டர் வைக்கலாம்தான், ஆனா ஷீல்டும் (ஒயரச் சுத்தியிருக்கிற உலோக உறை) சரியா சேரணும், ஜாயின்ட்டுக்குள்ள தண்ணியும் போகக்கூடாது, அதனால உள்பக்கம் பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூட்டுல சுருங்கி இறுகுற குழாய்தான் போடணும், சாதா இன்சுலேஷன் டேப் ரொம்ப நாள் தாங்காது.

இப்ப பெரிய விஷயம், உள்ள தண்ணி பூந்துட்டா. டிஸ்ப்ளேல ஆவி கட்டும், பட்டன் தானா அமுங்கின மாதிரி மெனு மாறும், இல்ல மொத்தமா செத்துரும். உடனே ஆஃப் பண்ணி பேட்டரியக் கழட்டுங்க. சரி வேலை செய்யுதான்னு ஒரு தடவ ஆன் பண்ணிப் பாப்போமேன்னு தோணும் பாருங்க, போர்டக் கொல்றதே அந்த ஒரு தடவதான், உப்புத்தண்ணியோட கரண்ட் போனா காப்பர் டிராக் பச்சை பூத்து அரிச்சுப் போயிரும். பேட்டரி மூடியத் திறக்கிறப்ப முகத்துக்கு நேரா வச்சுத் திறக்காதீங்க, சீல் பண்ண அறைக்குள்ள தண்ணி போய் பேட்டரியோட சேர்ந்தா ஹைட்ரஜன் உருவாகி பிரஷரோட நிக்கலாம். நனைஞ்சது லித்தியம் பேட்டரின்னா அத மறுபடி சார்ஜ் போடவே வேணாம், வீட்டுக்கு வெளிய வச்சுட்டு முறைப்படி டிஸ்போஸ் பண்ணிருங்க.

அப்புறம் போர்ட வெளிய எடுத்து டிஸ்டில்டு வாட்டர்ல கழுவுங்க. ஏற்கனவே நனைஞ்சதுல மேலும் தண்ணியான்னு பதறுவாங்க, ஆனா உப்பு தண்ணிலதான் கரையும், ஆல்கஹால்ல சரியா கரையாது, நேரா ஆல்கஹால் ஊத்தினா உப்பு அங்கயேதான் ஒட்டிட்டிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால ஐசி கால்களுக்கு நடுவுல, கனெக்டருக்கு அடில எல்லாம் மெதுவா தேய்ங்க. கடைசியா 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஊத்தினா மிச்சத் தண்ணிய அது இழுத்துட்டுப் போயிரும், டிஸ்ப்ளேயும் ஸ்பீக்கரும் மட்டும் அதுல முங்காமப் பாத்துக்கங்க. ஃபேன் காத்துல ரெண்டு நாள் விடுங்க. அரிசி மூட்டைக்குள்ள பொதைக்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம், அரிசி உப்ப எடுக்காது.

தண்ணி எப்படிப் போச்சுன்னு பாத்தா அனேகமா மூடிய சீல் பண்ற ரப்பர் வளையம், ஓ-ரிங்தான். அதக் கழட்ட ஊசி, கத்தி எடுக்காதீங்க, ரெண்டு பக்கமும் விரலால தள்ளினா வளைஞ்சு மேல வரும். வெளிச்சத்துல நீட்டிப் பாருங்க, வட்டமா இருக்க வேண்டியது தட்டையாயிருந்தாலோ மடக்கினா பொடி வெடிப்பு தெரிஞ்சாலோ புதுசு போடணும். அது உக்கார்ற பள்ளத்த பஞ்சுக்குச்சியால துடைங்க, ஒரே ஒரு முடி குறுக்க கிடந்தாலும் தண்ணி வழி கண்டுபிடிச்சிரும். சிலிக்கோன் கிரீஸ் லேசா பளபளன்னு தெரியற அளவுக்குப் போதும், அப்பி வச்சா மணல்தான் ஒட்டும். ரிங்கே சிலிக்கோன் ரப்பர்னா சிலிக்கோன் கிரீஸ் அத ஊத வச்சிரும், அதுக்கு என்ன போடணும்னு மேனுவல்ல பாருங்க.

இன்னொண்ணு, மெஷின் மேல எழுதியிருக்கிற ஆழம் புது சீலுக்கான கணக்கு. ஈக்வினாக்ஸ் 800 மாடலுக்கு 3 மீட்டர், டியூஸ் 2 மாடலுக்கு 20 மீட்டர்னு இருக்கும், ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 பார் பிரஷர் கூடும், பழைய ரிங்க வச்சுட்டு அந்த நம்பர நம்பி இறங்காதீங்க. வெயில்ல கொதிச்ச மெஷின அப்படியே குளிர்ந்த தண்ணில போட்டாலும் ஆபத்து, உள்ள இருக்கிற காத்து சுருங்கி பலவீனமான சீல் வழியா தண்ணிய உறிஞ்சும்.

ரிப்பேர் முடிஞ்சதும் போர்ட உள்ள வைக்காம, காலி பாக்ஸுக்குள்ள டிஷ்யூ பேப்பர் வச்சு மூடி, வெதுவெதுப்பான தண்ணி பக்கெட்ல கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்க. ஆரம்பத்துல மேல ஒட்டியிருந்த குமிழி எல்லாம் போயிரும், அதுக்கப்புறமும் ஒரே எடத்துலேருந்து வரிசையா வந்தா லீக் அங்கதான். டிஷ்யூ ஈரமில்லன்னாதான் போர்ட மாட்டணும்.

சார்ஜிங் பின்ல பச்சை கட்டினா வினிகர் தொட்ட பிரஷ், அப்புறம் நல்ல தண்ணி, அப்புறம் நல்லா காய விடணும், ஈரத்தோட சார்ஜ் போட்டா அந்தப் பச்சை திரும்ப வரும். ஸ்பீக்கர் சத்தம் அமுங்கிக் கேட்டா தண்ணி வடியற வரைக்கும் கவுத்து வைங்க, ஏர் கன் வச்சு ஊதினா உள்ள இருக்கிற மெல்லிசு மெம்பிரேன் கிழிஞ்சிரும். வயர்லெஸ் ஹெட்ஃபோன் முங்கினதும் கட்டாகறது ரிப்பேரே இல்ல, 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணிக்குள்ள சில சென்டிமீட்டர் தாண்டாது, ஒயர் ஹெட்ஃபோன்தான் வழி.

காயில் ஓரத்தையும் ராடு மாட்டுற காதையும் விரலால அழுத்திப் பாருங்க, அப்பக் கத்தினா விரிசல் விட்டிருக்கும். நல்ல தண்ணில கழுவி, ஒரு வாரம் காய வச்சு, சாண்ட் பேப்பர் தேச்சு எபாக்ஸி பூசலாம், ஈரம் உள்ள இருக்கறப்ப பூசினா தண்ணியையும் சேத்து சீல் பண்ணின கதைதான். ஆட்டிப் பாத்தா உள்ள தண்ணி சலசலங்குதுன்னா எபாக்ஸிய வீணாக்காம புது காயில் வாங்கிருங்க.