ஆறு நிமிடத்துக்கு ஒரு யூனிட்

லண்டனில் காலமான சித்தப்பாவின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. புரொபேட், அதாவது உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி, வாங்க ஒரு சொலிசிட்டரை (வழக்கறிஞரை) பிடித்தேன். 10 மாதம் ஓடியது. பில் மட்டும் தவறாமல் வந்தது. அவர் வேலை பார்க்கும் நேரத்தில் 6 நிமிடம் ஒரு யூனிட்டாம், யூனிட் கணக்கில்தான் கட்டணம். ‘வேலை எதுவரை வந்திருக்கிறது?’ என்று நான் கேட்ட மின்னஞ்சலைப் படித்ததற்கும் ஒரு யூனிட்!

நாள்வாரியாகச் செலவுக் கணக்குக் கேட்டு, அந்த அலுவலகத்திடமே எழுத்தில் புகார் கொடுத்தேன். 8 வாரத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் வழக்கறிஞர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன் என்றும் எழுதினேன். அங்கே புகார் கொடுக்க நமக்குச் செலவில்லை. மூன்றாம் வாரமே பில் குறைந்தது, புரொபேட் விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் போன வருடம் சித்தி காலமானபோது உயில் இருந்தால் புரொபேட்டுக்கு விண்ணப்பிக்கும் பிஏ1பி படிவத்தை நானே நிரப்பினேன். விண்ணப்பக் கட்டணம் 300 பவுண்டு. அசல் உயிலில் இருந்த ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்காமல் அனுப்பவேண்டும், அதில்தான் கொஞ்சம் கை நடுங்கியது.