நீலகிரிச் சோலைக்கிளியைப் பார்ப்பது எப்படி?

மலையுச்சிச் சோலைக்காட்டை விட்டுக் கீழே இறங்காத சோலைக்கிளி என்னும் சிறு பறவைக்குப் பாலக்காட்டுக் கணவாயின் வெப்பமான தாழ்நிலம் கடலுக்கு ஒப்பானது. அதனால் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளியும், தெற்கே பழனி, ஆனைமலைப் பகுதிகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும், தீவுப் பறவைகளைப் போலத் தனித்தனி இனங்களாக நிலைபெற்றன. இவற்றை ஷோலிகோலா என்னும் புதிய பேரினத்தில் ஆய்வாளர்கள் 2017-இல் சேர்த்தனர். பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியைத் தேடிவிட வேண்டாம். மலையாளத்தில் சிறு பறவைகளைப் பொதுவாகவே கிளி என்பார்கள்.

கோத்தகிரியின் லாங்வுட் சோலை, உதகையின் கேர்ன்ஹில், தொட்டபெட்டா ஆகிய இடங்களில் தேடலாம். வனத்துறையின் நுழைவு விதிகளை முன்னரே கேட்டறிந்துகொள்வது நல்லது.

விடிந்தவுடனோ பொழுது சாயும் நேரத்திலோ, பாதை ஓர் ஓடையைக் கடக்கும் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். நடந்து நடந்து தேடுபவருக்கு இப்பறவை பெரும்பாலும் அகப்படாது. அட்டை ஏறுவதைப் பொருட்படுத்தாமல் அரை மணி நேரம் அசையாது நிற்பவருக்கே அது தென்படும். முதலில் காதுக்குத்தான் வேலை: மெல்லிய சீழ்க்கை ஒலிகளும் கரகரப்பான ஒலிகளும் கலந்த பாட்டு புதருக்குள்ளிருந்து வரும். அதன் பிறகு, மரக்கிளைகளை விட்டுவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழே, சருகும் பாசியும் கிடக்கும் நிழலில் பார்வையை ஓட்டுங்கள். பூச்சி தேடித் தத்திச் செல்லும் நீளக் கால்கள் முதலில் கண்ணில் படலாம்.

மங்கிய வெளிச்சத்தில் உடல் கறுப்பாகவே தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லிவிடக் கூடாது. புதியவர்கள் இதை நீலகிரி ஈப்பிடிப்பானோடு குழப்பிக்கொள்வதுண்டு; ஆனால் அந்தப் பறவை கிளையில் நிமிர்ந்து அமர்ந்து பறந்து பூச்சி பிடிக்கும், இதுவோ தரையை ஒட்டியே திரியும். ஏறத்தாழ 15 செ.மீ. நீளம், கருநீல மேலுடல், செம்பழுப்பான விலாப்பகுதி, வயிற்றின் நடுவே வெண்மை ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் பார்க்கும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் விலாவில் அந்தச் செம்பழுப்பு இருக்காது; நீலச்சாம்பல்தான்.

கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை நான் ஏற்பதில்லை. அழியும் நிலையிலுள்ள ஒரு பறவை, தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை புகுந்துவிட்டதாக எண்ணி, இரை தேடும் நேரத்தை விரட்டுவதில் இழந்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மரப்பொந்துகளிலும் சரிவான மண்கரைகளிலும் அது பாசி வைத்துக் கூடு கட்டுவதால், அந்த மாதங்களில் பாதையை விட்டு ஓரடிகூட விலகாதீர்கள்.