‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்வது யார்?

ஓட்டலில் நாலு பேர் பில்லைப் பிரிக்கும்போது, தாளைப் பார்க்கும் முன்பே “எனக்குக் கணக்கு வராதுப்பா” என்று தள்ளிவிடுவேன். ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னது. முப்பது வருஷமாக அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சையில், இப்படித் தானாக ஓடும் எண்ணங்களைக் கவனித்துப் பிடிப்பது முக்கியமான வேலை.

அந்த வாக்கியம் வந்ததும் அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, அது பொய்யாய்ப் போன ஒரு சந்தர்ப்பத்தையும் எழுதுங்கள். (எங்கள் தெருவில் சீட்டுக் கணக்கு எழுதுவதே நான்தான்!) அப்புறம், உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே பேசிப் பாருங்கள். உளவியலாளர் ஈதன் கிராஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் பேசிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சை மேலும் நன்றாகச் சமாளித்தார்கள். கூச்சமாக இருந்தால் சரி, மனசுக்குள் சொன்னால் போதும்.