சுவரில் ஒட்டிய பழைய வால்பேப்பரை அகற்றுதல்

திருநெல்வேலி வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைத்த சுவர் எளிதில் காயாது என்பதால், இவ்வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வதே நல்லது. மெயின் சுவிட்சை அணைத்து, பிளக் பாயின்ட்டுகளைப் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். மேலுள்ள வினைல் படலத்தை ஒரு மூலையிலிருந்து உலர்ந்த நிலையிலேயே மெதுவாக உரித்துவிட்டு, உள்ளே தங்கும் காகிதத்தின்மீது, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த வெந்நீரை ஸ்பாஞ்சால் ஒற்றி, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட்டால், பசை இளகிக் காகிதம் ஆங்காங்கே உப்பும். அப்போது பட்டி பார்க்கும் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டவும். தண்ணீர் உள்ளே இறங்குவதற்காகக் காகிதத்தை ஆணியால் கீறுவதில் எனக்கு உடன்பாடில்லை. சுவரில் தடம் விழும். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் தண்ணீரைக் கொட்டினால் பூச்சே பெயர்ந்துவிடக்கூடும் என்பதால், சிறு சிறு பகுதியாக நனைக்க வேண்டும். எஞ்சிய பசைப் பிசுக்கைக் கழுவி, நன்கு காயவிட்ட பின்னரே பிரைமர் அடிக்கலாம்.