ஒரு சந்தை ஊரின் எழுச்சியையும் தளர்ச்சியையும் ஆராய்வது எப்படி?

இடைக்கால வேல்ஸின் சந்தை ஊர்களைப் பற்றிக் கட்டுரை எழுத முனையும் பெங்களூர்த் தமிழ் மாணவர்கள் பலரும் போர், கொள்ளைநோய் என்று அழிவிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்த ஊர் எதை நம்பிப் பிழைத்தது என்று முதலில் தெரிந்துகொண்டால்தான் அது ஏன் தளர்ந்தது என்பது விளங்கும். மான்மவுத்ஷயரில் இன்று சிறு கிராமமாக இருக்கும் டிரெல்லெக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் உட்காருவதற்கு முன் ஒரு காலைப்பொழுதைப் பழைய பேட்டைப் பகுதியில் செலவிடுங்கள். சிக்பேட்டைச் சந்து ஒன்றில் நின்று பழைய கடைவீட்டைப் பாருங்கள். இரண்டு பேர் கையை விரித்து நின்றால் அடைபட்டுவிடும் முகப்புக்குப் பின்னே கடை, கிடங்கு, முற்றம், குடியிருப்பு என்று மனை நீண்டுகொண்டே போகும். சந்தை ஊரில் தெருமுகப்புக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதால், வேல்ஸின் நகர மனைகளும் இதே போலக் குறுகிய முகப்பும் நீண்ட பின்புறமும் கொண்டிருந்தன. பல ஊர்களில் மனைக்கு ஆண்டுக்கு 12 பென்னி என்று பிரபுவுக்குச் செலுத்தினார்கள்.

அந்த வரிக்கணக்குதான் உங்கள் முதல் சான்று. டிரெல்லெக்கில் 1288இல் 378 மனைகள் இருந்தன. இதை அப்படியே 378 குடும்பங்கள் என்று எழுதிவிடாதீர்கள்; ஒருவரே பல மனைகளை வைத்திருக்கலாம், ஒரு மனையே பல வீடுகளாகப் பிரிந்திருக்கலாம்.

அடுத்து, ஊருக்குச் சோறு போட்ட தொழிலைத் தேடுங்கள். பேட்டையில் தெருப்பெயரே அதைச் சொல்லிவிடும்: அக்கிப்பேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு (நம் 'வளை'தான் கன்னடத்தில் 'பளெ'). டிரெல்லெக்கில் அந்த வேலையை மண்ணுக்குள் கிடைக்கும் இரும்புக் கசடு (தாதை உருக்கி இரும்பெடுத்தபின் எஞ்சும் கழிவு) செய்கிறது. அருகிலிருந்த டீன் காட்டில் தாதும் மரக்கரிக்கு வேண்டிய மரமும் கிடைத்தன. 1268இல் தெற்கு வேல்ஸில் கேர்ஃபிலி கோட்டையைக் கட்டத் தொடங்கிய, டிரெல்லெக்கை ஆண்ட டி கிளேர் பிரபுக்களுக்கு ஓயாமல் இரும்பு தேவைப்பட்டது.

இப்போது தளர்ச்சியின் நிகழ்வுகளைக் கால வரிசைப்படி எழுதுங்கள். 1290களில் தாக்குதல்களால் மனைகள் அழிந்தன. 1314இல் ஸ்காட்லாந்தில் நடந்த பானக்பர்ன் போரில் கடைசி டி கிளேர் பிரபு வாரிசின்றி இறக்க, அவருடைய நிலங்கள் மூன்று சகோதரிகளுக்குப் பிரிந்தன. 1349இல் கொள்ளைநோய் வந்தது. 1400இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்து வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளிண்டூரின் கிளர்ச்சி தொடங்கியது. இவற்றில் கொள்ளைநோயை மட்டும் காரணமாக்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. 1898இல் பிளேக் பெங்களூர்ப் பேட்டையையும் தாக்கியது. பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆனால் வாங்குவோர் வருவது நிற்காததால் சிக்பேட்டையில் இன்றும் நடக்க இடமில்லை. டிரெல்லெக்கிலோ, இரும்பை வாங்கிய பெரும் பிரபுவே நோய்க்கு முன் மறைந்துவிட்டார்.

வரைபடத்தையும் பாருங்கள். வை ஆற்றங்கரையில் வடக்கே மான்மவுத்தும் தெற்கே செப்ஸ்டோவும் இருக்க, டிரெல்லெக் இடையே மேட்டுநிலத்தில் ஆற்றை விட்டு விலகி நிற்கிறது. படகு வராத ஊருக்கு வேறு வாங்குவோரைத் தேடுவது கடினம். கடைசியாக, இன்றைய கிராமத்தின் தேவைக்கு மிஞ்சிய அளவில் நிற்கும் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத்தின் படத்தைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.